கடலூர் ஆலை ஒன்றின் புகைப்போக்கு டக்ட்டில் இறுக்கம் இழந்த போல்ட்கள்: வெப்ப வரம்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி அமைந்துள்ள சிப்காட் வளாகத்தின் இரசாயன ஆலை ஒன்றில், தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரின் (எண்ணெயைச் சூடாக்கி ஆலைக்கு வெப்பம் தரும் அடுப்பு) புகைப்போக்கு டக்ட்டைத் தாங்கும் சாடில் (தாங்குதகடு) இணைப்பில் போல்ட்கள் இறுக்கம் இழந்திருந்தன. அதன் காரணத்தை ஆராய்ந்து, மாற்றாக எந்த போல்ட்டைப் போடலாம் என்று பரிந்துரைப்பதே எனக்குத் தரப்பட்ட பணி. ஆலையின் பெயரும் பணியாளர்களின் பெயர்களும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை என்பதால் அவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.

ஹீட்டர் விறகில் ஓடுவது. சுற்றுவட்டாரத்துச் சவுக்குக் கட்டையே பெரும்பாலும் எரிபொருள். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எண்ணெய் எடுத்த முந்திரி ஓடு மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் அதையும் கலந்து எரிப்பார்கள். ஹீட்டரில் சூடாகும் எண்ணெய் 280 டிகிரி செல்சியஸில் வெளியேறுகிறது. ஹீட்டரை விட்டு வரும் புகை 300 டிகிரிக்கு மேல் இருக்கும். அது ஏர் ப்ரீஹீட்டர் (புகையின் வெப்பத்தால் எரிகாற்றைச் சூடாக்கும் கருவி) வழியாகச் சென்று, 190 டிகிரி அளவுக்குத் தணிந்த பிறகே நாம் பேசும் டக்ட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது வரைபடத்தின் கணக்கு. ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள அந்த டக்ட்டுக்கு மூன்று தாங்கிகள் உள்ளன. வெப்பத்தில் நீளும் டக்ட்டுக்கு இடம் கொடுக்க இரண்டு தாங்கிகள் சறுக்கும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன, புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேனுக்குப் பக்கத்தில் உள்ள மூன்றாவது மட்டும் நிலையானது. அந்த நிலைப்புள்ளியில் பக்கத்துக்கு நான்காக எட்டு எம்20 (20 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்கள் இருந்தன. அவை 8.8 என்ற வலிமை வகுப்பைச் சேர்ந்தவை, சூடான துத்தநாகக் குளியலில் முலாம் பூசப்பட்டவை, உராய்வுப் பிடிப்பு இணைப்புக்காக (தகடுகளை நெரித்து, உராய்வாலேயே நகராமல் பிடிப்பது) முழு முன்-இழுவிசை வரை, அதாவது இறுக்கும்போதே போல்ட்டில் ஏற்றும் இழுவிசை வரை, இறுக்கப்பட்டவை. சாடில் தகடும் முலாம் பூசியது. டக்ட்டைச் சுற்றிய வளையத் தகட்டில் மட்டும் வெப்பம் தாங்கும் அலுமினியப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது.

முலாம் பூசிய போல்ட்டைத் தேர்ந்தெடுத்ததில் வடிவமைப்பாளரைக் குறை சொல்ல முடியாது. கடற்காற்றில் மூடாத இரும்பு ஒரு மழைக்காலத்துக்குள் சிவந்துவிடும் ஊர் இது. மேலும், நிலைப்புள்ளி தாங்க வேண்டியது வெப்ப நீட்சியின் விசையை மட்டுமல்ல, காற்றின் விசையையும்தான்; காற்றுப் பளுவுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி இந்தக் கடற்கரைப் பட்டைக்கு வினாடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்று வேகத்தைக் கொள்ளச் சொல்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பிறகு அந்த எண்ணை வெறும் தாளில் உள்ள எண்ணாக இங்கே யாரும் பார்ப்பதில்லை.

கண்டவை

ஐ.டி. ஃபேனை நிறுத்தி ஓட்டும்போதெல்லாம் சாடில் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறது என்பதே முதல் புகார். பிறகு ஒரு நட்டும் வாஷரும் கீழே கிரேட்டிங்கில் கிடந்தன. ஷட்டவுனில் வெளிமூடியான கிளாடிங் தகட்டைக் கழற்றி, அதற்குள் வெப்பக் காப்பாக இருந்த ராக் உல்லை விலக்கியபோது, போல்ட் தலைகளிலும் நட்டுகளிலும் துத்தநாகம் மீன் செதில்போல் உரிந்து நின்றது. விரல் பட்டால் உதிர்ந்தது. உரிந்த இடத்தில் மங்கிய சாம்பல் நிற அடுக்கு ஒன்று எஞ்சியிருந்தது. சில இடங்களில் அதன் மேல் துருவும் படர்ந்திருந்தது.

எஞ்சிய ஏழில் இரண்டின் நட்டுகள் சாதாரண ரிங் ஸ்பானரிலேயே, கையின் பலத்தில் திரும்பின. மற்றவை அப்படித் திரும்பவில்லை. அவை நன்றாக இருக்கின்றன என்று ஆலைத் தரப்பு எண்ணியது இயல்பே; ஆனால் துரு பிடித்து இறுகிய மரைக்கும் முன்-இழுவிசையால் இறுகிய மரைக்கும் ஸ்பானரால் வேறுபாடு காட்ட இயலாது.

இந்த இடத்தில் ஆய்வின் திசையைத் தீர்மானித்தவர் பராமரிப்புப் பிரிவின் மூத்த ஃபிட்டர். முதல்முறை இறுக்கியபோது போல்ட் முனையிலும் நட்டிலும் தகட்டிலும் சேர்த்துப் போட்ட பெயின்ட் கோடு ஐந்து போல்ட்களில் அழியாமல் இருந்தது. அதைக் காட்டி அவர் சொன்னார்: "நட்டு திரும்பவே இல்ல சார். கோடு நேராதான் இருக்கு. ஆனா டைட் போயிருக்கு." அதிர்வினால் நட்டு பின்னோக்கிச் சுழன்றிருந்தால் கோடு விலகியிருக்க வேண்டும். கோடு நேராக இருந்தும் இறுக்கம் போயிருக்கிறது என்றால், ஒன்று போல்ட் நிரந்தரமாக நீண்டிருக்க வேண்டும், அல்லது போல்ட் இறுக்கிப் பிடித்திருந்த அடுக்கு மெலிந்திருக்க வேண்டும். இரண்டுமே நடந்திருந்தன என்பது பின்னர் தெரிந்தது. ஸ்பிரிங் வாஷரையோ லாக் நட்டையோ போட்டுச் சரிசெய்துவிடலாம் என்ற யோசனை அந்தக் கோட்டோடு முடிந்துபோனது.

எவ்வளவு இறுக்கம் எஞ்சியிருக்கிறது என்பதை நீளத்தைக் கொண்டு அளந்தோம். டக்ட் முழுவதும் ஆறிய பிறகு, போல்ட்டின் இரு முனைகளையும் தேய்த்துச் சமப்படுத்தி, மைக்ரோமீட்டரால் நீளத்தைக் குறித்துக்கொண்டு, நட்டைத் தளர்த்திவிட்டு மீண்டும் அளப்பது முறை. எஃகுக் கட்டமைப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 800 சொல்லும் கணக்கின்படி எம்20 போல்ட்டின் இழுவிசைப் பரப்பு 245 சதுர மில்லிமீட்டர்; அறுதி வலிமையில் (போல்ட் அறுந்துபோகும் அளவில்) 0.70 பங்கு என்று கொண்டால் 8.8 போல்ட்டின் முன்-இழுவிசை 137 கிலோநியூட்டன். 60 மில்லிமீட்டர் பிடிப்பு நீளத்தில் அந்த விசை போல்ட்டை ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர் நீட்டும். தளர்த்தியபோது ஐந்து போல்ட்களும் சுருங்கியது 0.06 முதல் 0.09 மில்லிமீட்டர் வரை மட்டுமே. அதாவது இறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் மிஞ்சியிருந்தது.

சத்தத்துக்கான விளக்கம் இதிலேயே கிடைத்துவிடுகிறது. ஐ.எஸ். 800 அட்டவணை 20, முலாம் பூசிய பரப்புக்கு 0.10 என்ற உராய்வுக் கெழுவை மட்டுமே அனுமதிக்கிறது. நான்கு போல்ட்கள், 137 கிலோநியூட்டன், பகுதிப் பாதுகாப்புக் கெழு 1.10 என்று போட்டால் ஒரு பக்கத்தின் வழுக்குத் தடை 50 கிலோநியூட்டன் அளவில் வரும். இறுக்கம் 40 விழுக்காட்டுக்கு இறங்கினால் அது 20 கிலோநியூட்டன். டக்ட் சூடாகி நீளும்போதும் ஆறிச் சுருங்கும்போதும் சறுக்குத் தாங்கிகளின் உராய்வு நிலைப்புள்ளியை இழுக்கிறது; அந்த இழுவையில் தகடுகள் துளையின் இடைவெளிக்குள் வழுக்கி, போல்ட் உடலில் மோதி நின்றன. உரிந்த துத்தநாகத் தூள் இணைப்புப் பரப்புக்குள் புகுந்த பிறகு 0.10 என்ற கெழுவையும் நம்ப முடியாது.

வெப்பநிலையை அளந்த விதம்

இணைப்பு அவ்வளவு சூடாகவில்லை என்பதே ஆலைத் தரப்பின் உறுதியான நிலைப்பாடு. அதற்கு ஆதாரமாக அகச்சிவப்புத் துப்பாக்கியால் எடுத்த அளவுகளைக் காட்டினார்கள். எல்லாம் 115 முதல் 125 டிகிரிக்குள் இருந்தன. கருவியில் பழுதில்லை. அது உமிழ்திறன் (பரப்பு தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன்) 0.95 என்ற மதிப்பில் வைக்கப்பட்டிருந்தது. பெயின்ட் அடித்த பரப்புக்கும் துருப்பிடித்த பரப்புக்கும் அது சரி. பளபளப்புக் குறையாத துத்தநாகமோ 0.3 அல்லது அதற்கும் கீழான உமிழ்திறன் கொண்டது. அது தன் வெப்பத்தைக் குறைவாக உமிழ்ந்து, சுற்றுப்புறத்தையே கருவிக்குப் பிரதிபலிக்கும். உமிழ்திறன் 0.3 உள்ள பரப்பு 235 டிகிரியில் இருக்கும்போது, 0.95 என்று வைத்த கருவி ஏறத்தாழ 120 டிகிரி என்றுதான் காட்டும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். முலாம் பூசிய போல்ட்டை அகச்சிவப்புக் கருவியால் அளக்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பிழையில் விழக்கூடும். அது ஆபத்தான திசையிலேயே பிழை காட்டுவதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மறுதொடக்கத்தின்போது, பழைய நிலையை அப்படியே வைத்து, போல்ட் தலையில் துளையிட்டுத் தெர்மோகப்பிள் (தொட்டு அளக்கும் வெப்பநிலை உணரி) பொருத்தி அளந்தபோது 235 முதல் 260 டிகிரி வரை பதிவாயிற்று. அதே தலைகளில் வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்புப் பெயின்ட்டை ஒரு பொட்டு வைத்ததும் அகச்சிவப்புக் கருவியும் தெர்மோகப்பிளும் சில டிகிரி வித்தியாசத்தில் ஒத்துப்போயின.

வரைபடத்தில் 190 டிகிரி என்று குறித்த டக்ட்டில் போல்ட் எப்படி 260 டிகிரிக்குப் போனது? இரண்டு மாற்றங்கள் வெவ்வேறு சமயங்களில், வெவ்வேறு ஆட்களால், ஒன்றை மற்றொன்று அறியாமல் செய்யப்பட்டிருந்தன. முந்திரி ஓட்டுப் புகையின் பிசின் ஏர் ப்ரீஹீட்டரின் குழாய்களை அடைத்ததால், அதைச் சுத்தம் செய்யும்வரை என்று புகையைச் சுற்றுவழியில் விடும் பைபாஸ் டேம்பரைத் திறந்துவைத்தார்கள். அது பல மாதங்கள் திறந்தே இருந்தது. புகை 300 டிகிரியில் நேராக டக்ட்டுக்குள் வந்தது. அதற்கு முந்தைய ஷட்டவுனில், லாகிங் (வெப்பக் காப்பு) வேலை எடுத்த ஒப்பந்ததாரர், முதலில் வெளியே விடப்பட்டிருந்த சாடில் போல்ட்களையும் சேர்த்து ராக் உல் சுற்றி, கிளாடிங் தகட்டால் அழகாக மூடிவிட்டார். திறந்த காற்றில் இருக்கும் போல்ட் தன் வெப்பத்தின் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். மூடிய போல்ட் டக்ட் சுவரின் வெப்பநிலையையே நெருங்கும். பைபாஸ் திறந்திருந்தும் போல்ட்கள் வெளியே இருந்திருந்தால் 150 டிகிரிக்கு அருகிலும், பைபாஸ் மூடியிருந்து போல்ட்கள் மூடப்பட்டிருந்தால் 170 டிகிரிக்கு அருகிலும் நின்றிருக்கும் என்பது எங்கள் மதிப்பீடு. இரண்டும் சேர்ந்ததுதான் கெடுதல்.

வரம்பு என்பது ஒன்றல்ல

ஆலையின் பொறியாளர் ஒருவர் முன்வைத்த வாதம் கவனமாகப் பதில் சொல்லத் தக்கது. ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட் 3, தீ பற்றிய பகுதியின் பின்னிணைப்பில், போல்ட்டின் வலிமை 200 டிகிரியில் 0.935 பங்கும், 300 டிகிரியில் 0.903 பங்கும், 400 டிகிரியில் 0.775 பங்கும் எஞ்சுவதாகக் காட்டுகிறது. 500 டிகிரியில்தான் அது 0.550 ஆகிறது, 600 டிகிரியில் 0.220 என்று சரிகிறது. ஆகவே 260 டிகிரியில் போல்ட்டுக்கு என்ன குறைந்துவிடும் என்று அவர் கேட்டார். அட்டவணை சரியானதே. ஆனால் அது, தீ எரியும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போல்ட் அறுந்துபோகாமல் இருக்குமா என்ற கேள்விக்கான விடை. நம்முடைய இணைப்பு கேட்பது வேறு: ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்துகொண்டு, போல்ட் தன் இழுவிசையை விடாமல் தகடுகளை நெரித்துக்கொண்டிருக்குமா என்பது.

அந்தக் கேள்விக்கு நெருக்கமானது போல்ட்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 898-1. அந்தத் தரநிலை தன் போல்ட்களின் பயன்பாட்டு எல்லையாக –50 முதல் +150 டிகிரி வரை குறிப்பிடுகிறது. அதற்கு மேல் 300 டிகிரி வரை போகவேண்டுமானால் போல்ட் உலோகவியல் அறிந்த நிபுணரைக் கேட்கச் சொல்கிறது. கீழெல்லையைப் பற்றிக் கடலூரில் கவலையில்லை. மேலெல்லை ஏன் 150 டிகிரியிலேயே நிற்கிறது என்பதற்கு, அதே தரநிலையின் 1999 பதிப்பில் தகவலுக்காகச் சேர்த்திருந்த அட்டவணை நல்ல விளக்கம். 8.8 போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் ஈல்டு தகைவு (பரப்பு அலகுக்கு இவ்வளவு என்ற விசை) அறை வெப்பநிலையில் 640 மெகாபாஸ்கல். 100 டிகிரியில் 590, 200 டிகிரியில் 540, 250 டிகிரியில் 510, 300 டிகிரியில் 480. நாம் போல்ட்டில் ஏற்றிவைத்த முன்-இழுவிசைத் தகைவு, அறுதி வலிமையான 800-இல் 0.70 பங்கு, அதாவது 560 மெகாபாஸ்கல். 250 டிகிரியைத் தொடும்போது போல்ட்டின் ஈல்டு எல்லையே அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. மீள்தன்மைக் கெழுவும் (எஃகின் விறைப்பு) சூட்டில் குறைவதால் தகைவு கொஞ்சம் தானாகவே தணியும் என்றாலும், அது இந்த இடைவெளியை முழுதும் ஈடுகட்டாது. முதல் சூட்டிலேயே போல்ட் சிறிது நிரந்தரமாக நீள்கிறது. ஆறும்போது அந்த இறுக்கம் திரும்பி வருவதில்லை. அதற்கு மேல், மாதக்கணக்கில் அதே சூட்டில் நிற்கும் எஃகு மெல்ல மெல்ல ஊர்ந்து தகைவை விட்டுக்கொடுக்கிறது. இதுவரை சொன்னது முலாம் பூசாத போல்ட்டுக்கும் பொருந்தும்.

முலாம் பூசிய போல்ட்டில் இன்னொன்றும் சேர்கிறது. இந்த நிகழ்வில் அதுவே பெரியது என்பது என் கருத்து. சூடான குளியல் முலாம் ஒரே அடுக்கல்ல. எஃகை ஒட்டி இரும்பும் துத்தநாகமும் கலந்த கடினமான அடுக்குகளும், அவற்றின் மேல் தூய துத்தநாக அடுக்கும் இருக்கும். 200 டிகிரிக்கு மேல் நீண்டகாலம் வைத்தால், மேலடுக்கின் துத்தநாகம் கீழ் அடுக்குக்குள் விரவும் வேகத்தில் இரும்பு மேலே வருவதில்லை. அதனால் எல்லைப் பரப்பில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றிப் பெருகி, மேலடுக்கு தோலாகக் கழன்றுவிடுகிறது. 1947-இல் அமெரிக்க உலோகவியலாளர் கிர்க்கெண்டால் விளக்கிய விரவல் விளைவுதான் இது. துத்தநாக முலாமுக்குத் தொடர்ந்த பயன்பாட்டு வரம்பு 200 டிகிரி என்று முலாம் தொழிலினர் சொல்வதன் அடிப்படை இதுவே. எஞ்சும் கலவை அடுக்கு சில காலம் துருவைத் தடுக்கும் என்பதால், முலாம் உரிந்ததை வெறும் தோற்றக் குறையாகக் கருதுவோரும் உண்டு.

துருவைப் பற்றி மட்டும் யோசித்தால் அந்தக் கருத்து ஓரளவு சரி. இறுக்கத்தைப் பற்றி யோசித்தால் சரியல்ல. இந்த இணைப்பில் போல்ட் தலைக்கும் நட்டுக்கும் இடையே எத்தனை துத்தநாக அடுக்குகள் இருந்தன என்று எண்ணிப் பார்த்தோம். சாடில் தகட்டின் இரு முகங்களும் தலா 85 மைக்ரான். இரண்டு வாஷர்களின் நான்கு முகங்களும், போல்ட் தலையின் அடிமுகமும், நட்டின் அடிமுகமும் தலா 50 மைக்ரான் அளவில். மொத்தம் 400 மைக்ரானுக்கு மேல். முழு இறுக்கத்தில் போல்ட் நீண்டிருந்ததே 180 மைக்ரான்தான். அந்த 400 மைக்ரானில் கால் பங்கு உரிந்தோ நசுங்கியோ பக்கவாட்டில் பிதுங்கியோ போனால், போல்ட்டின் இழுப்பில் பாதிக்கு மேல் காணாமற்போகும். அறை வெப்பநிலையிலேயே பளுவின் கீழ் ஊரக்கூடிய உலோகம் துத்தநாகம். 250 டிகிரியில், தன் உருகுநிலையான 419.5 டிகிரியை நோக்கிப் பாதி வழிக்கு மேல் வந்துவிட்ட நிலையில், அது எவ்வளவு தாங்கும் என்று எதிர்பார்க்க முடியும்? கழற்றிய வாஷர்களில் போல்ட் தலையின் அறுகோண விளிம்பு பதிந்து, அதன் ஓரத்தில் துத்தநாகம் மெல்லிய வரம்பாகப் பிதுங்கி நின்றதைக் கண்ணாலேயே காண முடிந்தது.

மூன்றாவதாக எஃகின் உள்தன்மை. 8.8, அதைவிட வலிய 10.9 ஆகிய வகுப்பு போல்ட்கள் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்துக் கடினமாக்கி, பிறகு குறைந்தது 425 டிகிரியில் டெம்பர் (மறுசூடு) செய்யப்பட்டவை. அந்த வெப்பநிலையை மீறாத வரை கடினத்தன்மை நிரந்தரமாகக் குறையாது. கழற்றிய போல்ட்களில் விக்கர்ஸ் கடினத்தன்மை 270-க்கும் 290-க்கும் இடையே இருந்தது, 8.8 வகுப்பில் இந்தத் தடிமனுக்கான எல்லை 255 முதல் 335 வரை என்பதால், எஃகு கெடவில்லை. காந்தத்தூள் சோதனையில் விரிசலும் இல்லை. கடினத்தன்மைச் சோதனை ஒன்றையே செய்து "போல்ட் நல்ல நிலையில் உள்ளது" என்று அறிக்கை கொடுத்திருந்தால் அதில் பொய் ஏதும் இருந்திருக்காது. இணைப்பு மட்டும் தளர்ந்தே இருந்திருக்கும். தீவிபத்துக்குப் பிறகு ஆராய்வோர் 425 டிகிரியை ஓர் எல்லைக்கோடாகக் கொள்வது பொருத்தமே. அதைத் தொடர்ந்த பயன்பாட்டுக்கான வரம்பாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

மாற்று போல்ட்

ஆலை முதலில் வாங்க நினைத்தது முலாம் பூசிய 10.9 போல்ட்களை. "கூடுதல் பலம்" என்பது காரணம். நான் அதை மறுத்தேன். 10.9-இன் ஈல்டு தகைவும் 940-இலிருந்து 250 டிகிரியில் 745-ஆக இறங்குகிறது; அதில் ஏற்றப்படும் முன்-இழுவிசைத் தகைவோ 700. மிச்சம் சொற்பம். துத்தநாகம் உரிவதும் நசுங்குவதும் அதே அளவில் நடக்கும்; நெரிக்கும் விசை கூடுவதால் இன்னும் விரைவாகவே நடக்கலாம். கடினத்தன்மை கூடிய எஃகு, முலாமுக்கு முந்தைய அமிலக் கழுவலில் ஹைட்ரஜனை ஏற்று நொறுங்கும் இயல்புக்கும், சூட்டில் துத்தநாகமே எஃகின் படிக எல்லைகளில் ஊடுருவி விரிசல் உண்டாக்கும் இயல்புக்கும் எளிதில் ஆட்படும். இந்த வலிமையில் அமெரிக்கத் தரநிலையின் ஏ490 போல்ட்டுக்குச் சூடான குளியல் முலாமே தடைசெய்யப்பட்டுள்ளது. ஐ.எஸ்.ஓ. மரபு 10.9 வரை அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அது சாதாரண வெப்பநிலையில் நிற்கும் பாலத்துக்கும் கொட்டகைக்கும் பொருந்தும் அனுமதி.

முலாம் பூசாத 10.9 போடலாமே என்ற அடுத்த கேள்விக்கும் பதில் இதே கணக்கில் இருக்கிறது. துத்தநாகத்தின் தொல்லை நீங்கும். 150 டிகிரிக்கு மேல் எஃகின் தளர்ச்சி நீங்காது. ஓடும்போது உலர்ந்திருக்கும் போல்ட், ஷட்டவுனில் ராக் உல் உறிஞ்சிய உப்பு ஈரத்தில் ஊறும். புதுச்சேரி ஹார்டுவேர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் மஞ்சள் பூச்சு போல்ட்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குரோமேட் படலம் 70 டிகிரியைத் தாண்டும்போதே தன் காக்கும் திறனை இழக்கத் தொடங்கும். காட்மியம் பூச்சுக்கு 230 டிகிரி என்ற வரம்பு உண்டு. அதன் நச்சுத்தன்மை காரணமாகவே அதைப் பரிசீலிக்கவில்லை. துத்தநாகச் செதில் பூச்சு 300 டிகிரி வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர்கள் சொல்வதை ஏற்கலாம்; பத்து மைக்ரான் அளவிலான மெல்லிய பூச்சு என்பதால் நசுங்கி இறுக்கம் போகும் ஆபத்தும் குறைவு. ஆனால் பூச்சு 300 டிகிரி தாங்குவதால் உள்ளிருக்கும் 8.8 எஃகு 300 டிகிரியில் இறுக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பொருளாகாது. விற்பனைத் தாள்களில் இந்த இரண்டும் ஒன்றுபோல் எழுதப்படுவதைக் கண்டிருக்கிறேன்.

இறுதியில் தேர்ந்தது, உயர்வெப்பப் பயன்பாட்டுக்கான அமெரிக்கத் தரநிலையின் ஏ193 பி7 ஸ்டட்களும் (தலையில்லாத, மரையிட்ட போல்ட்கள்) அவற்றோடு சேரும் 2எச் நட்டுகளும். பி7 என்பது குரோமியம்–மாலிப்டினம் எஃகு. குறைந்தபட்ச டெம்பரிங் வெப்பநிலை 593 டிகிரி. இந்த விட்டத்தில் அதன் ஈல்டு தகைவு 720 மெகாபாஸ்கல், இழுவலிமை 860 மெகாபாஸ்கல். அறை வெப்பநிலையில் 8.8-ஐவிட மிகவும் வலிமையானதல்ல. சூட்டில் தளர்ச்சியை எதிர்ப்பதே அதன் சிறப்பு. நீராவிக் குழாய்களின் ஃபிளாஞ்சுகளில் அது இருப்பதன் காரணமும் அதுவே. நெய்வேலி அனல்மின் நிலையங்களில் வேலை செய்து வந்த ஃபிட்டர்களுக்கு அது பழக்கமான சரக்கு. சோதனைச் சான்றிதழோடு சென்னைப் பாரிமுனையிலிருந்து வரவழைத்தார்கள். அது கட்டமைப்பு போல்ட் தரநிலைக்குள் வராதது என்பதால், தலைக்குறியையும் முறுக்குவிசை அட்டவணையையும் பழையதிலிருந்து எடுக்கக்கூடாது என்று வரைபடத்திலேயே எழுதச் சொன்னேன். முன்-இழுவிசையை முறுக்குவிசையால் அல்லாமல் நீட்சியை அளந்து அமைத்தோம். மரையில், அது சிக்கிக்கொள்ளாமல் காக்கும் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை. வெளியே தெரியும் பகுதிக்கு வெப்பம் தாங்கும் அலுமினியப் பெயின்ட். சாடில் தகட்டின் தொடுமுகங்களில் முலாமை மணல்வீச்சால் முழுவதும் அகற்றியதும் இவற்றோடு சேர்ந்த வேலை. தகட்டில் முலாமை விட்டுவிட்டு போல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் 170 மைக்ரான் துத்தநாகம் உள்ளேயே இருந்திருக்கும்.

போல்ட்டைவிட முக்கியமாக, இணைப்பின் இடத்தையே மாற்றப் பரிந்துரைத்தேன். வளையத் தகட்டுக்கும் சாடிலுக்கும் இடையே ஒரு நீட்டிப்பு பிராக்கெட்டை வைத்து, போல்ட்கள் லாகிங்குக்கு வெளியே வரும்படி அமைத்தார்கள். லாகிங் வரைபடத்தில் அந்தப் பகுதி "மூடக்கூடாது" என்று கோடிட்டுக் காட்டப்பட்டது. பைபாஸ் டேம்பர் திறந்திருக்கும் நேரத்தைப் பதிவேட்டில் குறிப்பதையும், புகை வெப்பநிலை 220 டிகிரியைத் தாண்டினால் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் ஒலிப்பதையும் ஆலை ஏற்றுக்கொண்டது.

கழற்றிய போல்ட்களை ஆய்ந்து, கடினத்தன்மை சரியாக இருப்பதால் வேறு இடத்தில் பயன்படுத்தலாமா என்று ஸ்டோர் தரப்பில் கேட்டார்கள். முலாம் பூசிய உயர்வலிமை போல்ட்டை ஒருமுறை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோன பிறகு மீண்டும் பயன்படுத்த அமெரிக்கக் கட்டமைப்பு இணைப்புக் குழுவின் விதி அனுமதிப்பதில்லை. இவையோ அதற்கு மேல் நிரந்தரமாக நீண்டவை. மரையை அறுத்துவிட்டே பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். டக்ட்டுக்குக் கீழே எவர்சில்வர் குழாய்கள் ஓடுவதால், உதிர்ந்த துத்தநாகச் செதில்களைக் கூட்டி அகற்றச் சொன்னதும் அந்தக் குறிப்பிலேயே இருந்தது. தீ நேர்ந்து துத்தநாகம் உருகிச் சொட்டினால், அத்தகைய எஃகில் அது விரிசலை உண்டாக்கும்.

மாற்றத்துக்குப் பிறகு ஏர் ப்ரீஹீட்டர் வழியாக ஓட்டும்போது, கறுப்புப் பொட்டு வைத்த ஸ்டட் முனைகளில் 105 முதல் 115 டிகிரி வரையே அளவாகிறது. பைபாஸ் திறந்தால் 160 டிகிரி வரை ஏறுகிறது. சறுக்குத் தாங்கிகளின் போல்ட்களை மாற்றவில்லை. அவை முன்-இழுவிசை தேவைப்படாதவை. தெர்மோகப்பிளில் 130 டிகிரியைத் தாண்டவில்லை. கடற்காற்று நேரே படும் இடமும் அதுதான். அங்கே முலாம் பூசிய 8.8 தொடர்ந்து இருக்கலாம். புகைபோக்கியின் அடியில் கிளாடிங்குக்குள் மூடப்பட்டுள்ள பிளாட்ஃபார பிராக்கெட்டுகளின் முலாம் போல்ட்களை மட்டும் இன்னும் திறந்து பார்க்கவில்லை. அடுத்த ஷட்டவுன் வேலைப்பட்டியலில் அவை முதலிடத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.